ஆசான் ட்ரையல் போனார்

பூப்பாறையில் அந்தக் காலத்தில் வண்டி வைத்திருந்த எவனும் தன் வண்டி தனக்கு மட்டும் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பட்டறையில் விட்டுவிட்டால் அது ஆசானுடைய வண்டி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷனைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்.

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் சொன்னதில்லை. மலையாளத்துப் பக்கம் பட்டறை நடத்துகிற மூத்த ஆளை ஆசான் என்பார்கள், அதுவே அவருக்குப் பேராகிவிட்டது. நாகர்கோவில்காரர் என்று சிலர் சொன்னார்கள், பேச்சும் அப்படித்தான் இருந்தது. குள்ளமான ஆள். விரல் மட்டும் நெட்டையனுக்கு உள்ள விரல். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். ஏதோ நம் நெஞ்சுக்குள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கேட்கிற மாதிரி.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன கோளாறு என்று விசாரிக்க மாட்டார். கையை நீட்டுவார். சாவியைக் கொடுத்தால் வேட்டியை விலக்கி அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொள்வார். நாலைந்து வண்டி நிற்கிற நாளில் ஆசான் நடந்தால் சலங்கை கட்டின மாடு வருகிற சத்தம்.

“சாவி இந்தக் கயித்துல கெடக்குற வரைக்கும் வண்டி எனக்குப் பொறந்த பிள்ளை. வாங்குனவன் சும்மா வளத்த தகப்பன், கேட்டீரா?” என்பார்.

எப்போது கிடைக்கும் என்று கேட்டால் “நாளைக்கு வாரும்.” வேலை முடிந்த வண்டிக்கும் நாளைக்கு வாரும்தான், இன்னும் கழற்றவே கழற்றாத வண்டிக்கும் நாளைக்கு வாரும்தான். அந்த நாளைக்குள்ளே ஆசான் ட்ரையல் போவார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகத் தொங்கினேன், பட்டாளத்தில் கழித்துவிட்ட ஒரு ஜீப்பை வாங்கிப் போடிமெட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஓட்டினேன். இன்றைக்கு என் மனைவி பேர் எழுதின பஸ் ஏறாத வளைவு இந்த மலையில் கிடையாது. எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தக் காலத்தில் பாதி ஜீப் இன்ஷூரன்ஸ் இல்லாமல்தான் ஓடின. நான் கட்டினேன். படித்தவன் கட்டவில்லை, நான் கட்டினேன். அந்த முதல் ஜீப் ஆசான் கையில்தான் வளர்ந்தது. அதனால்தான் இந்தக் கதையில் நான் இருக்கிறேன்.

ட்ரையல் என்றால் ஓட்டிப் பார்ப்பது. எல்லா மெக்கானிக்கும் ரோட்டில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துத் திரும்புவான். ஆசானுடைய ட்ரையல் சந்தைக்குப் போகும், கல்யாணத்துக்குப் போகும், சில நாள் மலை இறங்கிப் போடியில் சினிமாவும் பார்த்துவிட்டு வரும். எஸ்டேட் டாக்டரின் ஃபியட் கார் ஒரு தடவை பட்டறையில் கிடந்தது. டாக்டர் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றுகொண்டிருக்கிறார். அவருடைய காரே வந்து அவர் முன்னால் நின்றது. பின்சீட்டில் பூசணிக்காய், நடுவில் ஒரு கிழவி, மடியில் கோழி.

“டாக்டரய்யா, நல்ல சமயத்துல நின்னீரு. ஏறும். வலது பக்கம் ஒரு சத்தம் வருது, நீரும் கேளும்” என்றாராம் ஆசான்.

டாக்டர் தன் காரில் தானே ஓசிச் சவாரியாக ஏறி, பூசணிக்காயைக் காலால் ஒதுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, “தேங்க்ஸ்” என்றும் சொல்லிவிட்டுப் போனார். பஜார் முழுக்க ஒரு மாதம் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

சிரித்தோம் என்றால் சும்மா இல்லை. எங்கள் எல்லாருக்கும் அதில் லாபம் இருந்தது. மருத்துவச்சியைக் கூட்டி வரவேண்டுமா, சாந்தன்பாறையிலிருந்து அரிசி வரவேண்டுமா, டீக்கடைக்காரர் காலையிலேயே பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்பார்: “ஆசானே, இன்னைக்கு ட்ரையல் எந்தப் பக்கம்?” காசு வாங்க மாட்டார். ஒருவன் வண்டியில் ஊர் முழுக்கப் போய்வந்தது. மறுநாள் அவன் இன்னொருத்தன் வண்டியில் போனான். இதில் தப்பு இருக்கிறது என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றினவன் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த மலையில் கிளட்ச் போட ஆசானை விட்டால் போடிக்குத்தான் இறங்க வேண்டும்.

இப்படிச் சொன்னால் தங்கமான மனுஷன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், தேயிலை லாரி டிரைவரின் விவகாரத்தைப் பார்க்கும்வரை.

அந்த டிரைவர் மதுரைப் பக்கத்து ஆள், வாய்த்துடுக்கு. டீக்கடையில் நாலு பேர் முன்னால், “ஆசான் ஓசியில வண்டியோட்டுற களவாணி” என்றான். ஆசான் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வடையைக் கடித்துக்கொண்டே சிரித்தார். “களவாணிதான். ஒம்ம லாரியிலதான் போன வாரம் மூணாறு போய்ட்டு வந்தேன், சொகமா இருந்துச்சு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டிரைவருக்கு ரோசம். “போனதெல்லாம் சரிதான், போட்ட பிரேக்குதான் சரியில்ல. ஒரு பக்கமா இழுக்குது” என்றான்.

ஆசான் வடையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். எழுந்து போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, லாரியில் பக்கத்துச் சீட்டில் ஏற்றி, அவனிடமிருந்து சாவியை வாங்கினார். சண்டையை விலக்க ஓடின நானும் லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டேன், அப்போது அது வீரம் என்று நினைத்தேன். தோண்டிமலை ஏற்றத்தில் மேலே கொண்டுபோய் வண்டியைத் திருப்பினார். இறக்கத்துக்கு மூக்கை வைத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, எஞ்சினை அமர்த்தினார்.

அது அவருடைய முறை. எஞ்சின் இரைச்சல் இருந்தால் மற்றச் சத்தம் அமுங்கிவிடும் என்பார். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தானாக உருளவிட்டுக் கேட்பார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்பக்கத்துச் சிறிய ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், லாரி காற்று மாதிரி இறங்குகிறது, டயர் தார்ரோட்டில் சீறுவது தவிர ஒரு சத்தம் இல்லை, கீழே மஞ்சு மூடின பள்ளம், ஸ்டியரிங்கில் இருக்கிற மனுஷன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருக்கிறார்.

“பிரேக் போடுங்க ஆசானே!” டிரைவர் அலறினான்.

“எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சொல்லும், போடுதேன்.”

“எந்தப் பக்கமும் இழுக்கல! நல்ல பிரேக்கு! நல்ல பிரேக்குங்கிறேன்ல!”

அப்புறம்தான் கண்ணைத் திறந்து மிதித்தார். ஒரே மிதி. லாரி வளைவுக்கு முன்னால் தூண் மாதிரி நின்றது. இறங்கி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “கள்ளன்னு சொல்லட்டும், குடிகாரன்னு சொல்லட்டும். என் கையைச் சொல்லப்படாது.” குரலில் கோபமே இல்லை.

அதற்குப் பிறகு நான் அவரிடம் சாவியைக் கொடுக்கும்போதெல்லாம் அந்த மூடின கண் ஞாபகத்துக்கு வரும். வந்தாலும் கொடுத்தேன். வேறு யார் இருந்தார்கள்?

என் ஜீப்புக்குப் பிரேக் பலமில்லை என்று பட்டறையில் விட்டேன். ஆனி மாதம், சாரல் விடாத நேரம். சக்கரத்தையெல்லாம் கழற்றிப் பிரேக் ரப்பர் மாற்ற வேண்டும் என்றார். மறுநாள் போனேன். ஜீப் நாலு சக்கரத்திலும் நிற்கிறது. “முடிஞ்சுதா ஆசானே?” என்றேன். “நாளைக்கு வாரும்.” முடிந்ததா முடியவில்லையா என்று அந்தப் பதிலில் கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னேனே.

அன்றைக்கு அவர் தங்கை மகளுக்குச் சடங்கு. சமையலுக்கு வாடகைப் பாத்திரம் போடியிலிருந்து பஸ்ஸில் வந்து போடிமெட்டு செக்போஸ்ட்டில் இறங்கிக் கிடந்தது. அதை எடுத்துவர ஆசான் என் ஜீப்பில் மேலே போயிருக்கிறார். திரும்பி இறங்கும்போது, ஃபேக்டரியில் மதியச் சங்கு ஊதி ஷிஃப்ட் முடிந்து ரோட்டோரம் வந்துகொண்டிருந்த சுடலைமுத்துவை அடித்து, ஜீப்பைப் பாறையில் கொண்டுபோய் மோதினார்.

சுடலைமுத்து தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தவன். என் ஜீப்பில் ஏறினால் பேசிக்கொண்டே வருவான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவனைக் கோணியால் மூடியிருந்தார்கள். அண்டாக்கள் உருண்டு தேயிலைச் செடிக்குள்ளே அங்கங்கே வாயைத் திறந்து கிடந்தன. ஆசானுக்கு நெற்றியில் ஒரு கீறல். ரோட்டோரத்தில் குந்தியிருந்தார். போலீஸ் வரும்வரை யாரும் அவரைத் தொடவில்லை. ஊர் முழுக்க அந்த ட்ரையலில் சவாரி போனவர்கள்தான். அன்றைக்கு ஒருவரும் பக்கத்தில் போகவில்லை.

வண்டியைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்தார். முன்பக்கம் நசுங்கிப் பிரேக் குழாய் அறுந்து ஆயிலெல்லாம் ரோட்டில் போயிருந்தது. மோதுகிறதுக்கு முன்னால் பிரேக் இருந்ததா இல்லையா என்று இனிச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்.

சுடலைமுத்துவின் பெண்சாதி சீனியம்மாள். இரண்டு பெண் குழந்தை. அவர்கள் இருந்த லயத்து வீடு எஸ்டேட்டுடையது, வேலை பார்க்கிறவன் பேரில் கொடுத்தது. ஆள் போனதும் வீடும் போக வேண்டும். கேஸ் முடியும்வரை இருக்கட்டும் என்று மேனேஜர் விட்டுவைத்தார். நஷ்டஈடு வந்தால் தேவாரத்தில் ஒரு ஓட்டு வீடு வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு இறங்கிவிடலாம் என்பது அவள் கணக்கு. வராவிட்டால் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

நான் வக்கீல் பிடித்தேன். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், தொடுபுழையில் தொழில். பெரிய ஆள், என் மாதிரி ஆளோடும் சரிக்குச் சரியாகப் பேசுவார்.

“இத பாரும் ஓய்” என்றார். “ரிப்பேர் நோக்கறதுக்காக அவன் ஓட்டினான்னா, நீர் சொல்லி ஓட்டினாப்போலயாக்கும். உமக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு குடுக்கணும்னு நான் வாதாடலாம். அவன் சொந்தக் காரியமா எடுத்துண்டு போனான்னா, உம்மையும் பிடிக்க முடியாது, கம்பெனியையும் பிடிக்க முடியாதும்பான். அந்தப் பொம்மனாட்டி அவன்கிட்டேயே வாங்கிக்க வேண்டியதுதான். அவன்கிட்ட என்ன இருக்கு?”

“ஸ்பானர் இருக்குங்க சாமி.”

“அப்போ அவன் வாயிலேர்ந்து ட்ரையல்னு ஒரு வார்த்தை வரணும். அவ்வளவுதான்.”

“ஜீப்புல சடங்கு வீட்டுப் பாத்திரம் கெடந்துச்சே. ஊரே பாத்துச்சு.”

“கிடந்தா என்ன? பாரம் ஏத்திப் பிரேக் பாத்தேன்னு சொல்லட்டும். பாரமில்லாம பிரேக் பாக்கறவன் உண்டோ?”

எனக்கே சிரிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்க எந்தக் காரியத்துக்குப் போனாலும் ட்ரையல் ட்ரையல் என்று சொன்ன மனுஷன். அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், அவர் எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனார் என்று நான் சொல்லியிருந்தால் என் தலை தப்பியது. நான் அப்படிச் சொல்லவில்லை. வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன் என்று சொல்லத் துணிந்தேன். சீனியம்மாளுக்குப் பணம் வரட்டும், கொடுக்கப்போவது கம்பெனிதானே. பஜாரில் டீக்கடைக்காரர் முதல் எல்லாரும் சாட்சிக்குத் தயார்.

பட்டறைக்குப் போனேன். ஆசான் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். காலைப் பார்த்துத்தான் பேசினேன்.

“ஆசானே, வக்கீல் சொல்றத கேட்டீங்களா? ட்ரையல்னு சொல்லணும்.”

“ட்ரையலுக்குப் போனா வண்டியில வேலை பாக்கி இருக்குன்னுல்லா அர்த்தம்?” அடியிலிருந்து குரல் வந்தது.

“இருக்கட்டுமே. பிரேக்கு இன்னும் படியலை, பாக்கப் போனேன், பிடிக்கலைன்னு சொல்லுங்க. ஒங்களுக்கும் நல்லது. போலீஸ் கேசுல கவனமில்லாம ஓட்டுனாருன்னு உள்ள தள்ளப் பாக்குறான்.”

ஸ்பானர் திருகுகிற சத்தம் நின்றது.

“பிரேக்கு பிடிக்கலைன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலை. நீங்க சொல்லணுங்கிறேன்.”

“என் பட்டறையில வந்து நின்னுக்கிட்டு, நான் போட்ட பிரேக்கு பிடிக்கலைன்னு என்னையே சொல்லச் சொல்லுதீரு.”

“அந்தப் பொம்பளைக்கு ரெண்டு பிள்ளை, ஆசானே.”

லாரிக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. அப்புறம் சொன்னார்: “வே மொதலாளி. அந்த முக்கால் ஸ்பானரை எடுத்துக் குடும்.” எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் பேச்சு. சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். மனுஷனுக்குச் சொல்லக் கூச்சம், கோர்ட்டில் சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

கோர்ட்டில் நான் சொன்னேன். ஓட்டிப் பார்க்கச் சொன்னது நான்தான் என்று சத்தமாகச் சொன்னேன். கம்பெனி வக்கீல் என்னைத் திருப்பித் திருப்பிக் கேட்டும் அசைக்க முடியவில்லை. அப்புறம் ஆசானைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, எண்ணெய் தேய்த்துச் சீவின தலை. அரைஞாணில் சாவி இல்லை, நடந்தபோது சத்தமே வரவில்லை.

“வண்டியில என்ன வேலை பார்த்தீர்?”

“பிரேக்கு.”

“அன்னைக்கு அந்த வேலை முடியலை, இல்லையா?” இது எங்கள் கல்பாத்தி வக்கீல், வழி எடுத்துக் கொடுக்கிறார்.

“முடிஞ்சுது.”

“முடிஞ்சப்புறம் சரியா இருக்கான்னு ட்ரையல் பாக்கப் போனீர்.”

ஆசான் தலையைச் சாய்த்தார். கோர்ட்டே எஞ்சினை அமர்த்தின வண்டி மாதிரி இருந்தது.

“முடிஞ்ச வண்டிக்கு எதுக்கு ட்ரையல்?” என்றார். “என் சொந்தச் சோலியா எடுத்துட்டுப் போனேன். மொதலாளிக்குத் தெரியாது. அவரு நல்ல மனசுக்குச் சொல்லுதாரு. பிரேக்குல கொறை இல்லை.”

கம்பெனி வக்கீல் எழுந்திருக்கவே இல்லை. கேட்க ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். எங்கள் வக்கீல் பேப்பரை மடித்து வைத்தார். பின்னால் பெஞ்சில் டீக்கடைக்காரர், “படுபாவி, ஆயிரம் தடவை பொய்யா சொன்ன வார்த்தை, இன்னைக்கு ஒரு தடவை வாயில வரலையே” என்று முனகியது எனக்குக் கேட்டது.

வராந்தாவில் சீனியம்மாள் நின்றாள். அழவில்லை. சின்னப் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஆசான் முன்னால் வந்தாள்.

“அண்ணே, பிரேக்கு பிடிச்சுச்சா?”

“பிடிச்சுது தாயி.”

“பெறகு ஏன் நிக்கலை?”

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம். “நான் போட்ட பிரேக்கு பிடிக்கும்” என்றார் ஆசான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

தீர்ப்பு அப்படியே வந்தது. கம்பெனிக்குப் பொறுப்பில்லை, எனக்குப் பொறுப்பில்லை, கொடுக்க வேண்டியது ஆசான். ஆசானிடம் என்ன இருந்தது என்று முன்னமே சொன்னேன். நான் என் கையிலிருந்து சீனியம்மாளுக்குக் கொடுத்தேன். யாருக்கும் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன். அது வீடு வாங்கக் காணாது. அவள் தேவாரத்துக்கு இறங்கி அண்ணன் காட்டில் களை பறித்தாள் என்று கேள்வி. போலீஸ் கேசில் ஆசான் கொஞ்ச காலம் உள்ளே இருந்தார். வெளியே வந்து பட்டறையைத் திறந்த அன்றைக்கு வாசலில் வண்டி வரிசை. கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்ன பிரேக் என்று பஜாரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஊர் அப்படி.

ஆனால் எனக்கு ஆசான் என்றால் ஞாபகம் வருவது கோர்ட்டு அல்ல, அன்றைக்கு நாங்கள் வீடு திரும்பியது. டீக்கடைக்காரரும் மற்றவர்களும் அவரோடு வர மாட்டோம் என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். போடியில் கொடுத்துச் சரிசெய்த என் ஜீப்பில் நானும் அவரும் மட்டும். அவர் பக்கத்துச் சீட்டில். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அவர் பக்கம் திரும்பவே இல்லை.

ராஜாக்காட்டுக்கு முந்தின இறக்கத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கீழே ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. ஏதோ கழன்றுவிட்டது என்று குனிந்து பார்த்தேன். ஆசானின் வலது கால். பிரேக் என் காலடியில் இருக்கிறது, அவர் காலடியில் வெறும் தகரம். அந்தத் தகரத்தை அவர் மிதிக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து வருகிற டிரைவர் எவனுக்கும் இறக்கத்தில் கால் போகும், எனக்கும் போகும். ஆனால் பிரேக் உள்ளவன் மிதித்தால் ஒரே மிதிதான், அழுத்திப் பிடிப்பான். அவர் அடுக்கடுக்காக மிதித்தார். டப், டப், டப், டப். மிதி அடிவரை போய், ஒன்றும் பிடிக்காமல், மறுபடி மறுபடி அடித்துப் பிரஷர் ஏற்றப் பார்க்கிறவன் மிதிக்கிற மிதி. வண்டி ஓட்டுகிறவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம்.

முகத்தைப் பார்த்தேன். நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் அகலத் திறந்திருந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அழுத்தினார். வளைவு வந்தது. கைக்கு அடியில் கால் மறுபடி மிதித்தது.